வெற்றியை அளக்கும் படி

சென்ற வைசாகப் பூர்ணிமையன்று பாலசமுத்திரத்தில் மாலை வழிபாடு முடிந்து, பஞ்சசீலம் ஏற்று, வந்திருந்தோர் எழுந்து செல்லும் வேளையில், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் நம்மை அணுகி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இதே மே மாதத்தில் இலங்கையில் அரசாங்கம் போர்வீரர் விழா எடுக்கிறது. பிக்குகள் பிரித் ஓதி ஆசி கூறுகிறார்கள். அதற்கு முதல் நாள் முள்ளிவாய்க்காலில் தமிழர்கள் உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிக் குடித்து அழுகிறார்கள். தாங்கள் தமிழர்; பௌத்தரும்கூட. அந்த வெற்றி தங்களுக்கு வெற்றியா, தோல்வியா?"

நாம் அன்று விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே மெய். மேடையில் நின்று கருணையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர்க்கு, மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பிள்ளையின் கேள்விக்கு வாய் அடைத்துப் போயிற்று. வீட்டிற்கு வந்து பல நாள் எண்ணிப் பார்த்தோம். எண்ணியதை ஒளிக்காமல் ஈண்டு எழுதுகிறோம். பள்ளியில் அதிகம் பயின்றவர் அல்லோம். ஆலையில் நூல் நூற்றுக் கைகாய்த்தவர். பிழை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

இரு படி வைத்திருக்கும் வணிகன்

நம் கிராமங்களில் முன்னாளில் தானிய வணிகர் சிலரைப் பற்றி ஒரு வழக்குண்டு. அவர்களிடம் இரண்டு படிகள் இருக்குமாம். குடியானவனிடம் நெல்லைக் கொள்ளும்போது ஒரு படி. அதே குடியானவன் பஞ்ச காலத்தில் வந்து கேட்கும்போது அளந்து கொடுக்கும் படி வேறு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே அடி உயர்ந்திருக்கும். அவன் பொய் பேசவில்லை. "ஒரு படி" என்றுதான் சொல்கிறான். பொய்யை அவனுக்காகப் படி பேசுகிறது. பகவான் புத்தர் நல்வாழ்க்கை முறையை எடுத்துரைக்கையில், கள்ள நிறையும் கள்ள அளவும் விலக்கத் தக்கன என்று தனியே எடுத்துச் சொல்லியிருப்பதன் கருத்து இதுவே. திருட்டினும் இது கொடியது. ஏனெனில் திருடனைக் கண்டால் ஊரார் கூவுவர். படியைக் கண்டு எவரும் கூவுவதில்லை.

இவ்வுண்மையை நாம் ஏட்டில் கற்கவில்லை, ஆலையிலே கற்றோம். நாம் இளைஞராய் வேலை பார்த்த நூற்பாலை ஒன்றில் கூலி உயர்வு வேண்டி வேலை நிறுத்தம் நடந்தது. இரண்டு மாத காலம் கதிர்கள் சுழலவில்லை. முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கேட்டதில் கால் பங்கு கிடைத்தது. இருபது பேர் வேலை இழந்தனர். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகையில் வாயிற்கதவின் ஒரு புறத்தில் சங்கத்தார் ஒட்டிய சுவரொட்டி, 'மகத்தான வெற்றி' என்றது. மறுபுறத்தில் நிர்வாகத்தார் அறிவிப்புப் பலகையில், ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது என்னும் பொருள்பட ஒரு காகிதம் தொங்கிற்று. அதுவும் வெற்றி அறிவிப்பே. இரண்டுக்கும் நடுவே நுழைந்து சென்ற நாமோ, வீட்டு அண்டாவையும் குடத்தையும் அடகு வைத்தவர்கள். நம் பக்கத்துச் சந்தில் குடியிருந்த ஒரு தொழிலாளியின் மகள் அந்த மாதத்தோடு பள்ளியை நிறுத்திவிட்டாள். அவள் எந்தச் சுவரொட்டியிலும் எந்தப் பலகையிலும் கணக்கில் வரவில்லை. வெற்றியை அறிவிப்போர் வேறு, அதன் விலையைக் கொடுப்போர் வேறு என்பதை அன்று கண்டோம்.

நம் ஊர்ப்புறத்தில் நடந்த போர்

போரைப் பற்றிப் பேச இலங்கைக்கு ஓடுவானேன்? நம் வயல்களிலேயே அதன் எலும்புகள் கிடக்கின்றன. 1780ஆம் ஆண்டு ஹைதர் அலி பெரும்படையுடன் கர்நாடகச் சீமையில் இறங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை அழிக்கப்பட்டது. அவ்வெற்றியைத் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் ஓவியமாகவே தீட்டச் செய்தார், இன்றும் காணலாம். அடுத்த ஆண்டு, 1781 செப்டம்பர் 27ஆம் நாள், எமது ஊருக்கு அணித்தான சோளிங்கபுரத்தில் சர் அயர் கூட் ஹைதரை வென்றார். அவ்வூர்ப் பெயரைச் சென்னைப் பட்டாளங்கள் தம் போர்ப் பெருமைகளுள் ஒன்றாகப் பொறித்துக் கொண்டன. ஒருவர் சுவரில் எழுதினார். ஒருவர் கொடியில் எழுதினார்.

முடிவு யாது? ஹைதர் 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டையில் பாசறையிலேயே நோயால் மாண்டார். 1784 மார்ச்சு 11இல் மங்களூரில் உடன்படிக்கை ஆயிற்று. அதன்படி இரு திறத்தாரும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்துப் பழைய எல்லைக்கே மீண்டனர். நான்காண்டுப் போர் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. ஆனால் எரிந்த ஊர்களைத் திருப்பிக் கொடுத்தவர் யார்? ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளையும், பஞ்சத்தில் சென்னைத் தெருக்களில் மடிந்தவர்களையும் எந்த உடன்படிக்கை மீட்டது? சோளிங்கபுரத்துப் புஞ்சையில் கம்பு விதைத்திருந்த குடியானவனுக்கு அவ்விரு படைகளில் எது வென்றது என்பது தெரிந்திருக்குமோ, இல்லையோ! மிதிபட்ட கம்பு அவனுடையது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

இது மன்னராட்சிக் காலத்துக் கதை என்று கழிப்பதற்கும் இல்லை. 1965ஆம் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன. செப்டம்பர் 23இல் போர் நிறுத்தம் ஆயிற்று. 1966 சனவரி 10ஆம் நாள் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரியாரும் அயூப்கானும் கையெழுத்திட்டனர். இரு படைகளும் 1965 ஆகஸ்டு 5ஆம் நாளுக்கு முன்னிருந்த இடத்திற்கே திரும்புவது என்று முடிவாயிற்று. ஹாஜிப்பீர் கணவாயை உயிர் கொடுத்துப் பிடித்த நம் வீரர் அதை விட்டு இறங்கினர். எனினும் பாகிஸ்தானில் ஆண்டுதோறும் செப்டம்பர் 6ஆம் நாள் பாதுகாப்பு நாளென்று கொண்டாடப்படுகிறது. நம் நாட்டிலும் 2015இல் அப்போரின் பொன்விழா வெற்றி விழாவாக எடுக்கப்பட்டது. ஒரே போர், ஒரே எல்லை, இரண்டு வெற்றிகள்! வெற்றி இரண்டாயின் தோல்வி எங்கே போயிற்று? இருபுறமும் கணவனை இழந்த பெண்களின் வீட்டில் அது தங்கிவிட்டது.

இலங்கையில் மாறிய அளவுகள்

இனி, அவ்விளைஞர் கேட்ட இடத்திற்கு வருவோம்.

1987 சூலை 29இல் இந்திய-இலங்கை உடன்பாடு கையெழுத்தாயிற்று. அமைதி காக்கும் படை என்னும் பெயரோடு நம் படையினர் சென்றனர். போராளிகளின் ஆயுதங்களைக் களைவதும், அமைதியை நிலைநாட்டுவதும் சொல்லப்பட்ட நோக்கம். அக்டோபரில் அப்படையே போரில் இறங்கிற்று. 1990 மார்ச்சு 24இல் கடைசிப் பிரிவு திரும்பியபோது, ஏறத்தாழ 1,200 இந்திய வீரர் உயிரிழந்திருந்தனர், யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் மாண்டனர், மருத்துவமனைக்குள்ளேயும் மாண்டனர், ஆயுதங்களோ களையப்படவில்லை. அனுப்பிய நாளில் அமைதி என்னும் படியால் அளந்தவர்கள், திரும்பிய நாளில் 'பணி முடிந்தது' என்னும் படியால் அளந்தார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த திரு. மு. கருணாநிதி அவர்களை வரவேற்கச் செல்லவில்லை. அனுப்பியவர்கள் தோல்வியென்று ஒப்பவில்லை. ஏற்றவர்கள் வெற்றியென்று ஒப்பவில்லை. இடையில் மாண்ட சிப்பாய் எவர் கணக்கிலும் சரிவர ஏறவில்லை. ஆனால் பகை கணக்குத் தவறுவதில்லை. 1991 மே 21ஆம் நாள், நம் ஊரிலிருந்து நெடுந்தொலைவில்லாத திருப்பெரும்பூதூரில் அது வந்து நின்றது. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும், அவரைக் காண வந்த ஏதுமறியாதவர்களும் அங்கே மாண்டனர்.

பின்னர் இலங்கை அரசு நடத்திய போரைப் பாருங்கள். 1995 அக்டோபரில் 'ரிவிரெச' என்னும் படையெடுப்பு நிகழ்ந்தது. ஞாயிற்றின் கதிர் என்பது அதன் பொருள். யாழ்ப்பாண நகரத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் மழையில் நடந்து வெளியேறினர். ஆளில்லா நகரில் டிசம்பர் 5ஆம் நாள் கொடி ஏற்றி வெற்றி விழா நடந்தது. மக்களை விடுவிக்கச் சென்ற படை, மக்கள் இல்லாத ஊரைப் பிடித்து அதனை விடுதலை என்றது. மக்களை அழைத்துக்கொண்டு பின்வாங்கிய விடுதலைப் புலிகளோ அதைத் தந்திரோபாயம் என்றனர். 1997 மே 13இல் 'ஜயசிக்குறு' தொடங்கிற்று. வெற்றி நிச்சயம் என்பது பொருள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் பாதை திறப்பது நோக்கம். பதினெட்டு மாதங்களுக்கு மேல் நடந்தும் பாதை திறக்கவில்லை; 1998 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. பிடித்த நிலம் 1999 நவம்பரில் சில நாட்களிலேயே கைமாறிற்று. போர் தொடங்கு முன்னரே வெற்றியைப் பெயராக வைத்துவிட்டால், பின்பு அளக்க வேண்டிய தேவை இல்லையல்லவா! 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு வீழ்ந்தபோது, அரசு தரப்பு அதைத் தோல்வியென்று கூறவில்லை. காவல் நிலைகளை மாற்றி அமைத்ததாகவே கூறிற்று. புலிகள் பின்வாங்கினால் தந்திரம். அரசு பின்வாங்கினால் சீரமைப்பு. எதிரி பின்வாங்கினால் மட்டும் இருவருக்கும் அது புறமுதுகு.

தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் தங்கியிருந்த வன்னித் தாய் ஒருவரை நாம் ஒருமுறை காணச் சென்றோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1995இல் கிளிநொச்சிக்கும், அடுத்த ஆண்டு காட்டுக்கும், பின்னர் படகேறி மண்டபத்திற்கும் வந்தவர். "அம்மா, அந்தச் சண்டைகளில் யார் வென்றார்கள்?" என்று அறியாமல் கேட்டுவிட்டோம். அவர் சினக்கவில்லை. "ஐயா, ஒவ்வொரு முறையும் ரெண்டு பக்கமும் வெண்டிட்டம் எண்டுதான் சொல்லிச்சினம். நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டினனாங்கள்" என்றார். போரைப் பற்றி நாம் படித்த எந்த நூலும் இதனினும் தெளிவாக எமக்கு உரைக்கவில்லை.

2009ஆம் ஆண்டு. அரசு தன் படையெடுப்பை மனிதாபிமான நடவடிக்கை என்றது. பொதுமக்களில் ஒருவர்க்கும் உயிர்ச்சேதம் நேராமை தன் கொள்கை என்றது. போர்ப் பகுதியில் சிக்கியோர் 70,000 பேர் என்றும், பின்னர் அதனினும் குறைவென்றும் கணக்குச் சொன்னது. வெளியே வந்து முகாம்களில் அடைபட்டோரோ இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர். உயிரோடிருந்தவரையே எண்ணாத கணக்கு, இறந்தவரை எங்ஙனம் எண்ணும்? மே 19ஆம் நாள் அதிபர் மகிந்த ராஜபக்ச நாடாளுமன்றத்தில் வெற்றியை அறிவித்தார். ஐ. நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் தந்த அறிக்கை, இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்றது. அதே அறிக்கை, புலிகள் மக்களை அரணாக நிறுத்தி வைத்ததையும், தப்பி ஓடியோரைச் சுட்டதையும், சிறுவரைப் படையில் சேர்த்ததையும் கூறியது. இரண்டாம் பகுதியை மட்டும் படிப்போர் கொழும்பில் உளர். முதற் பகுதியை மட்டும் படிப்போர் நம்மிடையே உளர்.

அவ்வெற்றி எதுவரை நின்றது? போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராயிருந்த கோத்தபாய ராஜபக்ச, அப்புகழாலேயே 2019 நவம்பரில் அதிபரானார். 2022இல் பாலுக்கும் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். சூலையில், முன்பு அவரை வாழ்த்திய சிங்கள மக்களே அவர் மாளிகைக்குள் புகுந்தனர். அவர் நாட்டை விட்டு ஓடினார். போரில் மாண்ட ஏழைச் சிங்களச் சிப்பாயின் தாயும் அவ்வரிசையில் நின்றிருப்பாள். அவளுடைய வெற்றி எங்கே?

படியை மாற்றும் நான்கு வழிகள்

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கினால், வெற்றியை அளப்பதில் தலைவர்கள் கையாளும் வழிகள் நான்கென்று தோன்றுகிறது.

முதலாவது, நோக்கத்தை மாற்றுதல். ஈராக்கில் பேரழிவுக் கருவிகள் உள்ளனவென்று அமெரிக்கா 2003இல் படையெடுத்தது. அவை கிடைக்காதபோது, கொடுங்கோலனை அகற்றியதே நோக்கம் என்றாயிற்று. இரண்டாவது, கணக்கை நிறுத்தும் நாளைத் தாமே குறித்தல். அதே போரில் மே 1ஆம் நாள் புஷ் கப்பலின் மீது நின்று பெரும் போர் முடிந்ததென்றார். போரில் மடிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன் பின்னரே மடிந்தனர். மூன்றாவது, ஒருபுறத்துப் பிணங்களை மட்டும் எண்ணுதல். வியட்நாமில் எதிரியின் பிணங்களை எண்ணி வெற்றியை அளந்தனர். வயலில் கிடந்த உழவனும் அக்கணக்கில் எதிரியானான். நான்காவது, பெயர் மாற்றுதல். தம் ஓட்டம் சீரமைப்பு. பிறர் ஓட்டம் தோல்வி. தம் குண்டு நடவடிக்கை. பிறர் குண்டு பயங்கரம்.

இந்நான்கும் ஒரே குற்றத்தின் நான்கு முகங்கள். தனக்கொரு படி, பிறர்க்கொரு படி என்பதே அக்குற்றம்.

நம் மனையில் உள்ள படி

பிறர் மனைக் குற்றம் கூறிவிட்டு நம் மனையை மூடி வைத்தல் அறமன்று. பௌத்தர்களாகிய நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. அதை வெளியே எடுத்து வைப்பதே இக்கட்டுரையின் கடினமான பகுதி.

மகாவம்சம் பாலி மொழியிற் பிக்குகளால் ஆக்கப்பட்ட நூல். அதில் துட்டகைமுனு மன்னன் அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளனை வென்ற வரலாறு வருகிறது. எல்லாளன் நாற்பத்து நான்கு ஆண்டு நீதி வழுவாது ஆண்டவன் என்று அந்நூலே கூறுகிறது. வென்ற மன்னன் அவனுக்கு நினைவிடம் எடுத்து, அவ்வழியே செல்வோர் வாத்தியம் முழக்கலாகாது என்று விதித்ததையும் கூறுகிறது. இவை உயர்ந்த செய்திகள். ஆனால் வெற்றிக்குப் பின் மன்னனுக்கு உறக்கமில்லை. எத்தனை உயிர் மாண்டன என்று வருந்துகிறான். அப்போது அருகதர் எண்மர் வந்து அவனைத் தேற்றுவதாக நூல் சொல்கிறது. மாண்டவருள் மும்மணியைச் சரணடைந்தவன் ஒருவன், பஞ்சசீலமும் ஏற்றவன் ஒருவன்; ஆகவே கணக்கில் வருவோர் ஒன்றரைப் பேரே; ஏனையோர் விலங்கினும் மேம்பட்டவர் அல்லர் என்பது அத்தேறுதல்.

அன்பர்களே, இதை வாசித்த நாளில் நாம் நூலை மூடி வைத்துவிட்டோம். மன்னன் நெஞ்சு சரியான படியால் அளந்தது. அதனாற்றான் உறக்கம் வரவில்லை. அந்தப் படியைப் பிடுங்கிக் கள்ளப்படியைக் கையில் கொடுத்தவர்கள் காவியாடை உடுத்தவர்களாகக் காட்டப்படுகின்றனர். இது துட்டகைமுனுவுக்குப் பல நூற்றாண்டுகளின் பின் எழுதப்பட்ட செய்தி. எழுதியவர் எவராயினும், இது புத்தரின் சொல் அன்று. ஏன் எனில், புத்தர் அளந்த அளவு நமக்குத் தெரியும்.

கோசல மன்னன் பசேநதிக்கும் மகத மன்னன் அஜாதசத்துருவுக்கும் காசி நாட்டின் பொருட்டுப் போர் மூண்டது. முதற்போரில் அஜாதசத்துரு வென்றான். பசேநதி சாவத்திக்கு ஓடி வந்தான். பிக்குகள் வந்து சொன்னார்கள். அஜாதசத்துரு தீயோரைத் துணைக் கொண்டவன், பசேநதி நல்லோரைத் துணைக் கொண்டவன் என்று பகவர் வேறுபாட்டை மறைக்காமல் சொன்னார். ஆயினும் நல்லவன் தோற்றானே என்று அவர் கொதிக்கவில்லை. வென்றவன் பகையை ஈட்டினான், தோற்றவன் துயரில் கிடக்கிறான் என்னும் கருத்தையே உரைத்தார். இரண்டாம் போரில் பசேநதி வென்றான். அஜாதசத்துருவை உயிரோடு பிடித்து, யானை, குதிரை, தேர், காலாட்களைப் பறித்துக்கொண்டு விடுவித்தான். இப்போது வென்றவன் பகவரின் அன்பர். அடிக்கடி வந்து வணங்குபவன். வேறொருவராயின் வாழ்த்தியிருப்பர். பகவரோ, பறிப்பவன் ஒருநாள் பறிகொடுப்பான், வினை சுழன்று வரும் என்னும் கருத்தையே உரைத்தார். முதல் நாள் எந்தப் படியோ அதே படி மறுநாளும். தன் மனிதன் வென்றான் என்பதற்காக அளவு மாறவில்லை. இதுவே பௌத்தம்.

அசோக மன்னரை நினையுங்கள். முடிசூடிய எட்டாம் ஆண்டில் கலிங்கத்தை வென்றார். வென்றவரே அக்கணக்கைக் கல்லில் வெட்டினார்: ஒன்றரை இலட்சம் பேர் பெயர்த்துச் செல்லப்பட்டனர், ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் மாண்டனர். இவர்கள் அவர் வீரர்கள் அல்லர், எதிரியின் மக்கள். அக்கல்வெட்டு நம் ஆந்திர நாட்டில் கர்நூல் மாவட்டத்து எர்ரகுடியிலும் உள்ளது. எதிரியின் பிணத்தைத் தன் குற்றமாக எண்ணிய அரசர் உலகில் மிகச் சிலர். எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் கூடாது. கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடப் பாறைகளில் அந்தப் பதின்மூன்றாம் கட்டளை இல்லை. அதற்கு மாறாக வேறு கட்டளைகள் வெட்டப்பட்டுள்ளன. வருத்தத்தை உலகிற்கெல்லாம் கூறியவர், வருத்தப்பட்டவர்களின் ஊரில் அதைக் கூறவில்லை; கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மெய்யளவை எடுத்த கைக்கும் அதை முழுமையாகத் தூக்கிப் பிடிப்பது அத்துணை அரிதாயிருக்கிறது.

ஒரு மறுப்பு

"ஐயா, படியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால், பகைவன் வந்து வீட்டைக் கொளுத்திவிடுவான். நாட்டைக் காப்பது வேண்டாமா?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. நாம் எல்லையில் பனியில் நிற்கும் சிப்பாயைப் பழிக்கவில்லை. போரே கூடாது என்று ஒரே சொல்லில் கூறிவிட்டு உறங்கச் செல்வதும் நம் நோக்கமன்று; அது எளிது. தாக்கியவனுக்கும் தாக்கப்பட்டவனுக்கும் உள்ள வேற்றுமையைப் பகவரே மறைக்கவில்லை என்பதை மேலே கண்டோம். நாம் கேட்பது வேறு. போர் தவிர்க்க ஒண்ணாதது என்று சொல்லும் தலைவன், நான்கு வினாக்களுக்கு விடை சொல்லட்டும்.

போர் தொடங்கு முன் சொன்ன நோக்கத்தையே முடிவிலும் அளவாகக் கொள்வாயா? எதிரியின் பக்கத்துக் குழந்தையையும் பிணக்கணக்கில் சேர்ப்பாயா? இதே செயலை எதிரி செய்து இதே பயனைப் பெற்றிருந்தால், அதையும் வெற்றியென்று நீ ஒப்புவாயா? பத்தாண்டு கழிந்தபின், விலை கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர் சொல்வதைக் கணக்கில் எழுதுவாயா?

இந்நான்கிற்கும் ஆம் என்பவன் எளிதில் போரைத் தொடங்கமாட்டான். தொடங்கினாலும் நிறுத்த வேண்டிய நாளை அறிவான். கள்ளப்படி உள்ளவனுக்கோ நிறுத்தவேண்டிய நாளே இல்லை. அவன் என்றும் வென்றுகொண்டே இருக்கிறான். ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்கா இருபதாண்டுகள் முன்னேற்றம் முன்னேற்றம் என்றே அறிவித்து, 2021 ஆகஸ்டு 15இல் காபூலை, முன்பு எவரை விரட்டியதோ அவரிடமே விட்டு வந்தது.

முழு வெற்றி இல்லாத முடிவு இழிவானது என்று எண்ணற்க. நம் ஊர் வழியே செல்லும் மாநில எல்லையைப் பாருங்கள். தமிழர்க்கும் ஆந்திரர்க்கும் திருத்தணி, திருப்பதி, சித்தூர் பற்றி எழுந்த பூசலில் சிறை சென்றோர் உண்டு. உயிர் நீத்தோரும் உண்டு. நடுவர் ஒருவர் பார்த்துச் சொல்ல, 1959இல் சட்டமாகி, 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை மாற்றப்பட்டது. திருத்தணி அங்கே சென்றது. திருப்பதியும் சித்தூரும் இங்கே நின்றன. இரு திறத்தாரும் முழு மகிழ்ச்சி அடையவில்லை. ஆகவே எவரும் வெற்றித் தூண் நாட்டவில்லை. ஆனால் இன்று பாலசமுத்திரத்துச் சந்தையில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் பேசி, இரு மொழியிலும் ஏசிக்கொண்டு, சேர்ந்து தேநீர் அருந்துகிறோம். தூண் இல்லாத இவ்வமைதி, தூண் உள்ள வெற்றிகளினும் மேலானது. உறையூரை முற்றுகையிட்ட சோழனுக்கும் உள்ளே அடைபட்ட சோழனுக்கும் நடுவே நின்ற கோவூர் கிழாரும் இதை உணர்ந்தவரே. இருவருள் எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்பதன்றோ அவர் கண்ட அளவு.

இளைஞர்க்கு விடை

இனி அவ்விளைஞர்க்கு நாம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த செய்தி வந்தபோது, நாம் ஆலையில் இருந்தோம். அன்று நாம் சீலம் ஏற்றவர் அல்லோம். உணவு இடைவேளையில் எல்லோரும் காசு சேர்த்து மிட்டாய் வாங்கிப் பகிர்ந்தோம். நம்மவர் வென்றனர் என்று கூவினோம். அம்முகாமில் மாண்ட சிங்களப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. வெல்வதற்காக மாண்ட தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, கொழும்பில் பட்டாசு வெடித்து இனிப்பு வழங்கும் படத்தைச் செய்தித்தாளில் கண்டபோது, இவர்களும் மனிதரோ என்று கொதித்தோம். அன்று இரவு உறக்கம் வராமல் கிடக்கையில், நம் வாயில் பழைய மிட்டாயின் சுவை ஊறிற்று. அந்தச் சுவைதான் நம்மை ஆலையிலிருந்து அறவுரைக்குக் கொண்டு வந்தது என்று கூறினால் மிகையன்று.

ஆகவே, தம்பி, அந்த வெற்றி எமக்கு வெற்றியா, தோல்வியா என்று நீர் கேட்டதற்கு விடை இது. அது எமக்கு வெற்றியன்று. தமிழர் மாண்டதால் மட்டும் அன்று, எண்ணப்படாமல் மாண்டதால். நாம் மிட்டாய் தின்ற அந்த வெற்றியும் வெற்றியன்று. பிரித் ஓதிப் படைக்கு ஆசி கூறும் பிக்குவைக் கண்டு உமது நெஞ்சு புண்படுமாயின், அது பௌத்தத்தின் மேல் புண்படுவதன்று. பௌத்தமே அங்குப் புண்படுகிறது. முள்ளிவாய்க்கால் கஞ்சியை நாமும் இவ்வாண்டு குடிப்போம். அக்கஞ்சியில் ஒரு கவளத்தை, வன்னிக் காட்டில் மாண்டு பெயர் தெரியாமற் போன சிங்களச் சிப்பாய்க்கும் எடுத்து வைப்போம். உமக்கு அது கடினமாயிருக்கும், எமக்கும் கடினமே. கடினமாயிருப்பதனாலேயே அது சரியான படி என்று அறிந்துகொள்ளும். கள்ளப்படி எப்போதும் கைக்கு இலேசாகவே இருக்கும்.

அன்பர்களே, தலைவர்களின் படியைத் திருத்த நம்மால் உடனே இயலாது. ஆனால் தலைவர்கள் கள்ளப்படியால் அளந்து போடும்போது, மடியேந்தி வாங்கிக்கொள்பவர் நாம் அல்லவா? வாங்க மறுத்தால் அப்படி செல்லாது. அடுத்த முறை எவரேனும், எந்தக் கொடியின் கீழ் நின்றேனும், 'வென்றோம்' என்று முழங்கும்போது, கைதட்டு முன் ஒரு கணம் நின்று, "எந்தப் படியால் அளந்தீர்?" என்று மட்டும் கேட்போமாக. வீட்டில் பிள்ளைகளுக்கும் அதைக் கேட்கக் கற்பிப்போமாக.

வென்றோர், தோற்றோர், எண்ணப்பட்டோர், எண்ணப்படாதோர் அனைவரும் பகை நீங்கி நலமுறுக.